கதையில் சாகும் பிள்ளைகள்

கதையை எப்படி முடிப்பது என்று தெரியாமல் தவிக்கும் எழுத்தாளனுக்குத் தமிழில் பழைய வசதி ஒன்று உண்டு. யாரையாவது சாகடித்துவிடலாம். காதல் கைகூடவில்லையா, மாமியார் பொல்லாதவளா, சீர்வரிசையில் பாக்கியா, எல்லாவற்றுக்கும் அதே தீர்வு. நம் கதைகளில் கிணறும் ஆறும் உழைத்திருப்பதுபோல எந்தக் கதாபாத்திரமும் உழைத்ததில்லை. இதை முன்னமே பலர் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் கேலி செய்ய முடியாதபடி இப்போது ஒரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. அந்த வசதி வயதில் இறங்கி வந்துவிட்டது. பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கதைகளில் சாகிறார்கள்.

போட்டிகளுக்கு வரும் சிறுகதைகளைப் படித்துத் தேர்ந்து கொடுக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் வந்து சேர்கிறது. அவற்றில் ஒரு கதை திரும்பத் திரும்ப வருகிறது. பெயர்கள் மாறும், ஊர் மாறும், கதை மாறாது. பரீட்சை முடிவு வருகிறது. மார்க்கு குறைவு. அப்பா ஒரு கடுஞ்சொல் சொல்கிறார். பையன் ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறான். அடுத்த பக்கத்தில் அவன் இல்லை. ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. அந்தக் கடிதம் அழகான கடிதம். அதைப் படித்து அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். வாத்தியார் அழுகிறார், ஊர் அழுகிறது. ‘பெற்றோர்களே, சிந்தியுங்கள்’ என்ற தொனியில் கதை முடிகிறது.

எழுதுகிறவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. பாதிப் பேர் ஆசிரியர்கள். அநேகமாக எல்லாரும் தாய் தகப்பன்மார்கள். உண்மையான துயரத்தைக் கண்டு மனம் பொறாமல்தான் எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் இந்தக் கதை பொய். கலை என்ற அளவிலும் பொய், நடப்பு என்ற அளவிலும் பொய். அதோடு நின்றால் நிராகரித்துவிட்டுப் போகலாம். இதைப் படிக்கிற பதினாறு வயதுக்காரனுக்கு இது தீங்கும் செய்யக்கூடும் என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பொய் எங்கே தொடங்குகிறது? ஒரு சாவுக்கு ஒரு காரணம் என்பதில். அப்பா சொன்ன சொல்லுக்கும் பிள்ளையின் சாவுக்கும் நடுவே கதாசிரியர் ஒரே ஒரு கோடு இழுத்துவிடுகிறார். ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறதுபோல. மனசு அப்படி வேலை செய்வதில்லை.

செகாவ் 1887-ல் எழுதிய ‘வொலோத்யா’ என்ற கதையை இவர்கள் படிக்க வேண்டும். பதினேழு வயதுப் பையன். மறுநாள் கணக்குப் பரீட்சை. தேறாவிட்டால் பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்பிவிடுவார்கள். நம்மவர்கள் இந்த ஒன்றே போதும் என்று முதல் பக்கத்திலேயே கதையை முடித்திருப்பார்கள். செகாவுக்குப் போதவில்லை. பையனும் அவன் தாயாரும் அன்று விருந்தாளிகளாகப் போயிருப்பது ஒரு பணக்கார வீடு. தாயார் அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டு பல்லிளிப்பதும், மற்றவர்கள் அவளை மறைவில் கேலி செய்வதும் அவனுக்குத் தெரியும். அது ஒரு புண். அந்த வீட்டுக்கு வந்திருக்கும் முப்பது வயதுக்காரி ஒருத்தியிடம் அவனுக்கு ஒரு மயக்கம். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு அவன் தாயாரிடமே சொல்லிச் சிரிக்கிறாள். அது இன்னொரு புண். தன்னுடைய முகமே அவனுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை பரீட்சை நேரம் கடந்துபோய்விட்டது. வீடு திரும்பும் வழியில் தாயாரோடு கடும் சண்டை. வீட்டுக்கு வந்தால் அங்கே தனியாக உட்கார ஓர் அறைகூட இல்லை. குடியிருப்பவர்களின் சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. இத்தனையும் ஓர் இரவு பகலுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன.

மறுநாள் பத்திரிகையில் இது எப்படி வந்திருக்கும்? ‘பரீட்சைப் பயம்: மாணவன் தற்கொலை’ என்று வந்திருக்கும். அது பொய்யல்ல, உண்மையில் பத்தில் ஒரு பங்கு. மற்ற ஒன்பது பங்கைச் சொல்வதற்காகத்தான் கதை என்ற ஒன்று இருக்கிறது. செகாவ் வைத்தியருங்கூட. ஒரு நோயாளியின் வியாதிக்கு அவன் கடைசியாகச் சாப்பிட்ட பண்டமே காரணம் என்று எந்த நல்ல வைத்தியரும் சொல்வதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பையனுடைய உணர்வு அணைகிற இடத்திலேயே கதையும் அணைந்துவிடுகிறது. தாயார் விழுந்து புரண்டு அழுகிற காட்சி கிடையாது. அந்த ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டதில்தான் செகாவின் மனோதத்துவ அறிவு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கணக்குகளைப் பார்த்தாலும் இதே சேதிதான். நாட்டின் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கில் மொத்தத் தற்கொலைகள் 1,70,924. அவற்றில் மாணவர்கள் 13,044 பேர். பரீட்சைத் தோல்வியைக் காரணமாக எழுதியிருப்பது மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ‘குடும்பப் பிரச்னை’ என்ற தலைப்பின் கீழ் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் அடக்கியிருக்கிறார்கள். குடும்பப் பிரச்னை என்றால் என்ன? போலீஸ்காரர் ஒரு கட்டத்தில் எழுதுகிற இரண்டு சொல். அதற்குள் ஒரு நாவல் இருக்கிறது. அதை எழுதத்தான் ஆள் இல்லை.

நான் இருப்பது காரைக்கால் கோவில்பத்தில். பார்வதீசுவரர் கோயிலைச் சுற்றிய, சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி இதுதான். அமைதியான ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அதே 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் லட்சம் ஜனங்களுக்கு இத்தனை பேர் என்று பார்த்தால், இந்தியா முழுவதற்கும் 12.4, தமிழ்நாட்டுக்கு 25.9, நம்முடைய புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு 29.7. நாட்டிலேயே முன்வரிசை. வெகுகாலம் இங்குள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பரீட்சையைத்தான் எழுதிவந்தார்கள். 2025 முதல் மத்திய வாரியத்தின் பரீட்சை. வாரியம் மாறிற்று. முடிவு வருகிற காலையில் தெருவில் விழுகிற அந்த மௌனம் மாறவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கணியம்பாடி வட்டாரத்தில் சுமார் 1,08,000 ஜனங்கள். அங்கே 1992 முதல் 2001 வரை, பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இறந்த ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கிராமத்துச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். 2004-ல் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் முடிவு வந்தது. தற்கொலை செய்துகொண்டவர்கள் லட்சத்துக்கு ஆண்டொன்றுக்குப் பையன்களில் 58, பெண்களில் 148. அந்த வயதில் இறந்த பெண்பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போனவர்கள். போலீஸ் கணக்கில் ஏறாமல் வயிற்றுவலி என்றும் விஷக்கடி என்றும் குடும்பங்கள் மூடி மறைக்கிற சாவுகளும் இப்படி வீடு வீடாகக் கேட்டால்தான் வெளிவரும்.

இந்த எண்களைப் படித்த பிறகு என்னிடம் வரும் கதைக்கட்டைப் பார்க்கிறேன். அதில் இருப்பவன் பட்டணத்துப் பையன், மார்க்கு குறைந்தவன். கணியம்பாடிப் பெண் எங்கே? ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், பிடிக்காத இடத்தில் பேசி முடிக்கப்பட்டவள், வீட்டுக்குள்ளேயே ஒருவனிடம் சங்கடப்பட்டு வெளியே சொல்ல வாயில்லாதவள்? அவளுக்குப் பரீட்சை முடிவு கிடையாது. ஆகையால் பத்திரிகைத் தலைப்பு கிடையாது. ஆகையால் கதையும் கிடையாது.

விடலைப் பருவத்து மனசைப் பற்றி மனோதத்துவக்காரர்கள் சொல்வதில் எழுத்தாளனுக்கு உபயோகமானவை சில உண்டு. வளர்ந்தவர்களுக்கு ‘இதுவும் போகும்’ என்பதற்கு வாழ்ந்த வாழ்வே சாட்சி. எத்தனையோ போய்ப் பார்த்திருக்கிறோம். பதினாறு வயதுக்கு எதுவும் போய்ப் பார்த்த அனுபவம் இல்லை. அவமானம் என்றால் அது என்றைக்கும் இருக்கப்போகிற அவமானம். ஆசையும் ஆத்திரமும் முந்திக்கொண்டு வளர்கின்றன. நின்று நிதானிக்கிற மூளைப் பகுதி இருபது வயதுக்கு மேலும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மனச்சோர்வு என்ற வியாதி அந்த வயதில் அழுகையாக வர வேண்டும் என்பதில்லை. சிடுசிடுப்பாக வரும், தூக்கம் கெடுவதாக வரும், கூட்டாளிகளை விட்டு விலகுவதாக வரும். வீட்டில் அதற்குத் ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். வியாதிக்கு வைத்தியம் உண்டு. திமிருக்கு அடிதானே உண்டு?

தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 2005-ல் ஒரு கருத்தைச் சொன்னார். தான் பிறருக்குச் சுமையாகிவிட்டோம், தனக்கென்று ஓர் இடம் இல்லை என்ற இரண்டு எண்ணங்களும் சேருகிற இடத்தில்தான் சாவின் ஆசை பிறக்கிறது என்று. இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. “உனக்காகத்தான்டா இந்தச் சங்கிலியை அடகு வைத்தேன்” என்கிறாள் தாய். “நான் சாப்பிடாமல் உனக்கு ஃபீஸ் கட்டுகிறேன்” என்கிறார் தகப்பன். அவர்கள் சொல்வது அன்பை. பிள்ளையின் காதில் விழுவது கடன். நன்றாகப் படிக்கிறவரையில் அந்தக் கடன் தெரிவதில்லை. தவறிவிட்ட அன்றைக்கு, ‘நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி’ என்று ஒரு கணக்கு அவன் மனசில் வந்து நிற்கிறது. முற்றிலும் தப்பான கணக்கு. ஆனால் எதிரே உட்கார்ந்து அதைத் திருத்திக் கொடுக்க யாராவது வேண்டும். என் கதைக்கட்டில் வருகிற அப்பாக்கள் எல்லாரும் கொடுங்கோலர்கள். நிஜத்தில் அநேகம் பேர் அன்பானவர்கள். அதனால்தான் விஷயம் கஷ்டமாக இருக்கிறது. அன்பான அப்பாவை வைத்துக்கொண்டு இந்தக் கதையை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், யாருக்குத் திறமை என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சங்கதி. அந்த முடிவு நிலையான முடிவு அல்ல. மனசு குறுகி, சுரங்கப் பாதைக்குள் போனதுபோல ஒரே ஒரு வழிதான் கண்ணில் படுகிறது. கொஞ்ச நேரம் கழிந்தால், யாராவது வந்தால், அது விரிகிறது. சாக வேண்டும் என்பதும் யாராவது தடுக்க வேண்டும் என்பதும் ஒரே மனசில் ஒரே சமயத்தில் இருக்கின்றன. இது கவிதை அல்ல, நிரூபிக்கப்பட்ட உண்மை. இலங்கையில் 1995-லும் 1998-லும் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 1995-க்கும் 2005-க்கும் நடுவில் தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்தது. யுத்தம் நின்றுவிட்டதா, வறுமை தீர்ந்துவிட்டதா? ஒன்றும் இல்லை. கையெட்டும் தூரத்தில் விஷம் இல்லை, அவ்வளவுதான். நமக்குப் பக்கத்தில் காட்டுமன்னார்கோயில் தாலுகாவில் சென்னை ‘ஸ்நேகா’ அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் கிராமத்துக்குப் பொதுவாகப் பூட்டுப்போட்ட பெட்டிகள் வைத்து, உழவர்களின் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்கும்படி செய்து பார்த்தார்கள். ஒரு பூட்டு கொடுக்கிற பத்து நிமிஷத் தாமதம் ஓர் உயிரின் விலையாக இருக்கலாம்.

பரீட்சை விஷயத்திலும் அப்படி ஒன்று நடந்தது. முன்பெல்லாம் ப்ளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஒரு வருஷம் போச்சு. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், முடிவு வந்த சில வாரங்களிலேயே மறுபடி எழுதி அதே வருஷம் கல்லூரியில் சேரலாம் என்று தமிழ்நாட்டில் ஏற்பாடு வந்தது. இதற்காக வாதாடியவர்களில் ஸ்நேகாக்காரர்கள் முக்கியமானவர்கள். 2017-ல் மாநில முதல், இரண்டாம் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். சுவரில் ஒரு ஜன்னல் திறந்தமாதிரி. நம் கதாசிரியர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லைபோலும். அவர்களுடைய பையன்களுக்கு ஜூன் மாதப் பரீட்சை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இனி அந்தக் கடிதம். அமெரிக்காவில் எட்வின் ஷ்னைட்மன் என்பவரும் நார்மன் ஃபார்பரோ என்பவரும் 1957-ல் ஒரு வேடிக்கையான சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். வேடிக்கை என்று சொல்லக்கூடாது, ஆனால் எழுத்தாளனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். உண்மையிலேயே இறந்தவர்கள் எழுதிவைத்த கடிதங்களைத் திரட்டினார்கள். சாகிற உத்தேசமே இல்லாத ஆட்களிடம், ‘நீங்கள் அப்படிச் செய்வதாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?’ என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். இரண்டையும் ஒப்பிட்டார்கள். தத்துவமும் விளக்கமும் போலிக் கடிதங்களில். அசல் கடிதங்களில் பெரும்பாலும் சில்லறை விவரங்கள்: இன்ன சாமானை இன்னாருக்குக் கொடு, இன்ன பாக்கியைத் தீர்த்துவிடு. முக்கால்வாசிப் பேர் கடிதமே எழுதுவதில்லை. நம் சிறுகதைகளில் வருகிற அந்த உருக்கமான கடிதம், சாகிற பையன் எழுதியதல்ல. பத்திரமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கதாசிரியர் எழுதியது.

தீங்கு அதில்தான் இருக்கிறது. மனம் நொந்த பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு தடவையாவது ஒரு கற்பனை செய்து பார்க்கிறது: நான் போய்விட்டால் இவர்கள் எல்லாரும் வந்து நின்று அழுவார்கள், என்னைப் புரிந்துகொள்வார்கள். தன் சாவுக்குத் தானே வந்து வேடிக்கை பார்ப்பதுபோன்ற கற்பனை. அங்கே இருக்கப்போவதில்லை என்பது அந்தக் கற்பனையில் சேர்வதில்லை. நம் கதைகள் என்ன செய்கின்றன? ‘ஆமாம், அப்படித்தான் நடக்கும், பார்’ என்று அச்சுப்போட்டுக் காட்டுகின்றன. அப்பா திருந்துகிறார், வாத்தியார் வெட்கப்படுகிறார், நீதி நிலைநாட்டப்படுகிறது. உயிரோடு இருந்து பெற முடியாத செவிசாய்ப்பைச் செத்துப் பெறலாம் என்பதைவிட மோசமான போதனையை நான் கேள்விப்பட்டதில்லை. செகாவ் எழுதாமல் விட்ட பக்கம் இதுதான்.

கெதே 1774-ல் ‘வெர்தர்’ நாவலை வெளியிட்டபோது வாலிபர்கள் அவனைப்போல உடுத்தினார்கள். சிலர் அவனைப்போல முடித்துக்கொண்டார்கள் என்றும் பேச்சு எழுந்தது. லைப்ஸிக் நகரில் மறுவருஷமே புத்தகத்துக்குத் தடை. அடுத்த பதிப்பில், என்னைப் பின்பற்றாதே என்ற பொருளில் கெதேயே ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டி வந்தது. இரு நூறு வருஷம் கழித்து, 1974-ல், டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சமூகவியலார், தற்கொலைச் செய்திகள் பத்திரிகையில் பெரிதாக வந்த பிறகு எண்ணிக்கை ஏறுவதைக் காட்டி அந்த நாவலின் பெயரையே அதற்கு வைத்தார். 2017-ல் ‘நெட்ஃபிளிக்ஸ்’ நிறுவனம் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் சாவைத் தொடராக எடுத்தது. தான் சாவதற்குக் காரணமான ஒவ்வொருவருக்கும் அவள் ஒலிநாடாவில் பேசி விட்டுப் போகிறாள். நம் கடிதந்தான், பதின்மூன்று பாகமாக. அது வந்ததற்கு அடுத்த மாதம் அமெரிக்காவில் அந்த வயதுப் பிள்ளைகளின் தற்கொலைகள் வழக்கத்தைவிடக் கூடியிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். தொடர் ஒன்றே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது வேறு. 2019-ல் நிறுவனத்தார் அந்தக் குறிப்பிட்ட காட்சியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. 2017 செப்டம்பரில் அரியலூர் மாவட்டத்து மாணவி ஒருத்தி, ப்ளஸ் டூவில் 1,200-க்கு 1,176 வாங்கியும் நுழைவுத் தேர்வால் மருத்துவக் கல்லூரியில் இடமில்லாமல் போனதும் இறந்துபோனாள். அந்தத் தேர்வைப் பற்றிய அரசியல் வழக்கு ஒன்று உண்டு. அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அன்று எழுதப்பட்ட கவிதைகளையும் ஒட்டப்பட்ட படங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். உச்ச நீதிமன்றம்வரை போய் நின்று வாதாடிய பெண் அவள். அந்த வாதத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சாவைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். அடுத்த வருஷம் அதே பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைகளும் அந்தக் கவிதைகளைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெரிய எழுத்தாளர்களுக்கும் இதில் தடுமாற்றம் உண்டு. ‘மோக முள்’ளில் தங்கம்மாள் என்ற இளம்பெண், கிழவருக்கு வாழ்க்கைப்பட்டவள், பாபுவின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் உயிரை விடுகிறாள். ஜானகிராமனை என்னைவிட அதிகமாக நேசிப்பவர்கள் இந்த டெல்டாவில் குறைவு. ஆனாலும் அந்தச் சாவு நாவலில் பாபுவின் மனச்சாட்சிக்கு வந்த கஷ்டமாகவே நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. தங்கம்மாளின் கடைசிச் சில நாட்கள் எப்படி இருந்தன என்பதை அந்த மகா கலைஞர் நமக்குக் காட்டவில்லை.

காட்டியவர் ஒருவர் இருக்கிறார், எண்ணூறு வருஷத்துக்கு முன்னால். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய புராணம் என்றால் காரைக்கால் அம்மையார். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் மாம்பழத்தை வாரி இறைப்பதோடு சேக்கிழாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். அதே புத்தகத்தில் திருநாவுக்கரசர் கதையின் தொடக்கத்தைப் படித்துப் பாருங்கள். திருவாமூரில் திலகவதி என்ற பெண். பன்னிரண்டு வயதில் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு நிச்சயம் செய்கிறார்கள். அவர் போருக்குப் போகிறார். இதற்குள் தகப்பனார் நோயில் இறக்கிறார். தாயார் கணவனோடு தானும் போய்விடுகிறாள். அந்தத் துக்கம் ஆறுமுன் போர்க்களத்திலிருந்து செய்தி வருகிறது, நிச்சயித்தவரும் இல்லை என்று. பெண் சாக முடிவு செய்கிறாள்.

சேக்கிழார் அடுக்குகிற வரிசையைப் பாருங்கள். ஒரு காரணம் அல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சாவு. அதோடு, சாவு ஒரு வழி என்று காட்டிப்போன தாயார் வேறு. குடும்பத்தில் ஒருவர் அப்படிப் போயிருந்தால் பிள்ளைகளுக்கு அபாயம் அதிகம் என்று இன்றைய வைத்தியர்கள் சொல்வதைச் சேக்கிழார் சோழன் காலத்திலேயே கதைக்குள் வைத்துவிட்டார். அந்தக் காலத்துத் தர்மப்படி அந்தப் பெண் போயிருந்தால் புகழ்தான். கவிஞருக்கு ஓர் அருமையான முடிவும் கிடைத்திருக்கும்.

அந்த முடிவை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சின்னத் தம்பியைக் கொண்டுவந்து அவள் காலில் விழச் செய்கிறார். அவன் என்ன சொல்கிறான்? சாவது பாவம் என்று சொல்லவில்லை. வாழ்க்கை இனிது என்று சொல்லவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீ போவதானால் உனக்கு முன்னால் நான் போகிறேன் என்கிறான். வாதமே இல்லை, வெறும் கண்ணீர், வெறும் தேவை. தம்பி இருக்க வேண்டுமே என்று அவள் நின்றுவிடுகிறாள். ஜாய்னர் சொன்ன இரண்டு எண்ணங்களையும் ஒரு சிறுவனுடைய பேச்சு ஒரே அடியில் உடைத்துவிடுகிறது: நீ சுமை அல்ல, உனக்கு இடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் மகிழ்ச்சியாக இருந்தாள் என்று சேக்கிழார் பூசி மெழுகவில்லை. அவள் வாழ்கிறாள். திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகிக்கொண்டு வாழ்கிறாள். பல வருஷம் கழித்து அந்தத் தம்பி சூலைநோயில் துடித்துக்கொண்டு வந்து சேர்வதற்கு ஒரு வாசல் இருந்தது.

வியன்னாவில் சில ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். சாக நினைத்து, சாகாமல், அந்த நிலையைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் பத்திரிகையில் வந்தால் எண்ணிக்கை குறைகிறது என்று. மோட்ஸார்ட்டின் 1791-ஆம் வருஷத்து இசைநாடகத்தில் பாபகேனோ என்பவன் சாகப்போகும்போது மூன்று சிறுவர்கள் வந்து, உன்னிடம் மணி இருக்கிறதே, அதை அடித்துப் பார் என்று ஞாபகப்படுத்துகிறார்கள். அவன் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். நம்மைக் கேட்டிருந்தால் வேறு பெயர் கொடுத்திருப்போம்.

இந்தக் காலத்தில் அதை எழுதியவர் ஜெயகாந்தன். ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காருக்குள் சீரழிந்து வந்து நிற்கும் கல்லூரிப் பெண். தாயார் விதவை, ஆசாரமானவள். முதலில் அடிக்கத்தான் செய்கிறாள்; அதை ஜெயகாந்தன் மறைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கணத்தில் அவள் மனசில் ஏதோ திரும்புகிறது. மழையில் நனைந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று சொல்லி வாசலை அடைத்துவிட்டு, பெண்ணைக் குளியலறைக்கு அழைத்துப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள், உன்மேல் அழுக்கு இல்லை என்கிறாள். அன்றைக்கு அந்தக் கதைமேல் விழுந்த கண்டனங்கள் பிரசித்தம். முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. பத்திரிகை படிக்கிற நல்ல குடும்பத்து மனிதர்களில் பலருக்கு அந்தப் பெண் உயிரோடு மறுநாள் கல்லூரிக்குப் போவது பொறுக்கவில்லை. நம் வாசகர்களின் மனசைப் பற்றி இதைவிட நல்ல சோதனை வேறு யாரும் செய்ததில்லை.

அந்தத் தாயார் அன்று கூச்சல் போட்டிருந்தால்? அதற்கும் அவரே பதில் எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில் வருகிற கங்காவின் தாயார் கூச்சல் போட்டவள். தெருவுக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்தினான். கங்கா சாகவில்லைதான். ஆனால் அவளுடைய அடுத்த பன்னிரண்டு வருஷங்களைப் படித்துவிட்டு, அந்தக் குளியலறைக் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு தாயாருக்கும் உள்ள வித்தியாசம் படிப்போ, கொள்கையோ அல்ல. முதல் தாயார் தன் அவமானத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்தாள். சில நிமிஷம் பார்த்தாள், அவ்வளவுதான்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். ஆகாது என்று வைத்தியர்கள் திட்டமாகச் சொல்கிறார்கள், ‘செத்துப்போகலாம்போல இருக்கிறதா?’ என்று நேராகக் கேட்கும்போது பிள்ளைக்குப் பாரம் இறங்கத்தான் செய்கிறது. நம் கதைகளில் ஒரு கதாபாத்திரமாவது அந்தக் கேள்வியைக் கேட்டதுண்டா என்று தேடிப் பார்த்தேன். என் கையில் அகப்படவில்லை. வசனம் எழுதுவதில் நமக்குள்ள சாமர்த்தியத்துக்கு இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவது கஷ்டமாக இருக்க முடியாது. கேட்ட அத்தையோ வாத்தியாரோ அதற்குப் பிறகு அந்த இரவில் என்ன செய்தார்கள், பையன் முதலில் என்ன பொய் சொன்னான், பிறகு எந்தச் சொல்லில் உடைந்தான், விடியும்போது காப்பி யார் போட்டார்கள், இதையெல்லாம் எழுதுவதுதான் கஷ்டம்.

இப்போது சில பத்திரிகைகள் இப்படிப்பட்ட கதைக்கும் செய்திக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி போடுகின்றன: ஸ்நேகா 044-24640050, அரசாங்கத்தின் டெலி-மானஸ் 14416, எந்நேரமும் கூப்பிடலாம் என்று. விமர்சகன் என்ற முறையில் சொல்கிறேன், பல கதைகளில் நன்றாக எழுதப்பட்ட வரி அது ஒன்றுதான். அந்த எண்ணுக்கு மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் என்ன பேசுகிறார் என்பதைக் கேட்டு வந்து ஒரு சிறுகதை எழுதுகிறவர் யாராவது இருந்தால், எனக்கு அனுப்பிவைக்கலாம்.